கேளுங்கள்: எண்ணெய்க் கிணற்று லாக்கும் மெஷின் லேர்னிங்கும்

எண்ணெய்க் கிணறுகளில் எடுக்கும் லாக் தரவைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துப் பாறையை அடையாளம் காண்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். லாக்கிங் யூனிட்டில் வேலையைத் தொடங்கி, பிறகு லாக்கைப் படித்துப் பாறையை மதிப்பிடும் பெட்ரோபிசிக்ஸ் மேசைக்கு வந்தவள் நான். இப்போது அந்த மேசையில் பைத்தான் நிரல்மொழியும் சேர்ந்துவிட்டது.

கேள்வி: கணினி அறிவியல் படிக்கிறேன். ஆராய்ச்சித் திட்டத்துக்காக 'வெல் லாக்' கோப்புகளைக் கொடுத்திருக்கிறார்கள். திறந்தால் வெறும் எண்கள். இவை எதை அளக்கின்றன? இதில் மெஷின் லேர்னிங்குக்கு என்ன வேலை?

கிணற்றைத் துளையிட்டு முடித்ததும் உள்ளே என்ன பாறை இருக்கிறது என்று யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. துளை ஒரு சாண் அகலம்தான் இருக்கும், ஆழமோ கிலோமீட்டர் கணக்கு. அதனால் கேபிளின் முனையில் கருவிகளை மாட்டி அடிவரை இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே அளக்கிறோம். அந்த அளவுகளின் தொடர்தான் லாக்.

காமா ரே என்பது பாறையின் இயற்கையான கதிரியக்கம். களிமண் இறுகி உண்டான ஷேல் பாறையில் பொட்டாசியமும் தோரியமும் அதிகம், அதனால் கோடு ஏறும். சுத்தமான மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இறங்கும். ரெசிஸ்டிவிட்டி என்பது மின்தடை. பாறையின் துளைகளில் உப்புநீர் இருந்தால் மின்சாரம் எளிதாகப் போகும். எண்ணெயோ வாயுவோ இருந்தால் போகாது. டென்சிட்டி கருவி காமா கதிரை அனுப்பித் திரும்பி வருவதை எண்ணி அடர்த்தியைச் சொல்லும். நியூட்ரான் கருவி பாறையில் இருக்கும் ஹைட்ரஜனை உணரும். சோனிக், ஒலி ஓர் அடி கடக்க எத்தனை மைக்ரோ வினாடி ஆகிறது என்று சொல்லும். துளையின் விட்டத்தை அளப்பது காலிப்பர்.

1927 செப்டம்பர் 5 அன்று, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள பெஷல்ப்ரோன் எண்ணெய் வயலில், கான்ராட், மார்செல் ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழு முதல் மின் லாக்கை எடுத்தது. கருவியை நிறுத்தி நிறுத்தி அளந்து, கையால் புள்ளி வைத்து வரைந்த ஒரே ஒரு கோடு அது. இன்று வழக்கமாக அரை அடிக்கு, அதாவது 15.24 செ.மீ.க்கு ஓர் அளவு பதிவாகிறது. 3000 மீட்டர் கிணற்றில் ஏறக்குறைய 20,000 வரிகள். ஒவ்வொரு வரியிலும் பத்துப் பன்னிரண்டு எண்கள். நீங்கள் கோப்பில் பார்த்தது அவற்றைத்தான்.

இந்தக் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது மணற்கல், இது ஷேல், இங்கே நுண்துளைகள் இவ்வளவு, அவற்றில் இவ்வளவு தண்ணீர் என்று படிப்பது மனிதர் செய்துவந்த வேலை. பாறையையே உருளையாக வெட்டி மேலே கொண்டுவரும் 'கோர்' இருந்தால் சந்தேகம் தீரும். ஆனால் கோர் எடுக்கச் செலவும் நேரமும் அதிகம். சில கிணறுகளில், அதிலும் சில மீட்டர்களுக்கு மட்டுமே எடுப்பார்கள். கோர் உள்ள கிணறுகளில் லாக்குக்கும் பாறைக்கும் உள்ள உறவைக் கற்று, கோர் இல்லாத கிணறுகளில் பாறையைச் சொல்வது, மெஷின் லேர்னிங்கிடம் நாம் கேட்கும் முதல் வேலை. விட்டுப்போன கோடுகளை நிரப்புவது, ஆழத்தை ஒத்துப்போகச் செய்வது, திரவம் பாறை வழியே எவ்வளவு எளிதாக ஓடும் என்ற ஊடுருவுதிறனை மதிப்பிடுவது எல்லாம் அதற்கு அடுத்து வருபவை.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் டேட்டா சயின்டிஸ்டாக இருக்கிறேன். பொதுவில் கிடைக்கும் லாக் தரவை எடுத்து ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற முறையில் ஒரு மாதிரி (மாடல்) செய்தேன். 20 சதவீத வரிகளைச் சோதனைக்கு ஒதுக்கினேன். துல்லியம் 94 சதவீதம். அதே வயலின் வேறொரு கிணற்றில் போட்டால் பாதிகூடத் தேறவில்லை. எங்கே கோளாறு?

வரிகளைக் குலுக்கிப் பிரித்தீர்களே, அங்கேதான். இந்தத் துறைக்கு வரும் கணினிக்காரர்கள் எல்லோரிடமும் நான் முதலில் பேசுவது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காமா ரே கருவி ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. தன்னைச் சுற்றி ஏறக்குறைய 60 செ.மீ. உயரப் பாறையிலிருந்து வரும் கதிர்களைச் சேர்த்து எண்ணுகிறது. உங்கள் கோப்பிலோ 15 செ.மீ.க்கு ஒரு வரி. அப்படியானால் அடுத்தடுத்த நான்கு வரிகள் பெரும்பாலும் ஒரே பாறையை அளந்தவை. அது போகட்டும், பாறை அடுக்கே பல மீட்டர் கனம் இருக்கும். 1850.0 மீட்டர் வரி சோதனையில் இருக்கிறது, 1849.85-உம் 1850.15-உம் பயிற்சியில் இருக்கின்றன என்றால், உங்கள் மாதிரி அந்தச் சோதனை வரிக்குப் பாறையியல் எதையும் கற்க வேண்டியதில்லை. பக்கத்து வரியின் விடையை எடுத்து எழுதினால் போதும். 94 சதவீதம் அப்படி வந்த எண்.

இங்கே சோதனையின் அலகு கிணறு. ஒரு கிணற்றின் வரிகள் முழுவதும் பயிற்சியில் இருக்க வேண்டும், அல்லது முழுவதும் சோதனையில் இருக்க வேண்டும். சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் குரூப்-கே-ஃபோல்டு என்று ஒன்று இருக்கிறது. கிணற்றின் பெயரைக் குழுவாகக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். கிணறுகள் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றையும் ஒருமுறை ஒளித்து வைத்து மற்றவற்றில் பயிற்றுங்கள். கிடைக்கும் மதிப்பெண் உங்கள் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நாளை புதிய கிணற்றில் நடக்கப்போவது அதுதான்.

எவ்வளவு வந்தால் நல்லது என்று கேட்பீர்கள். 2016-இல் புவி இயற்பியல் இதழான 'தி லீடிங் எட்ஜ்' வழியாக ஒரு போட்டி நடந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள ஹியூகோட்டன், பனோமா வாயு வயல்களின் லாக்குகள். ஒன்பது பாறை வகைகளை ('ஃபேசிஸ்') அடையாளம் காண வேண்டும். இரண்டு கிணறுகளின் விடைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். கெட்டிக்காரக் குழுக்கள் பல மோதியும், முதலிடம் பிடித்த எஃப்1 மதிப்பெண் (எல்லாம் சரி என்றால் 1) 0.64 அளவில்தான் இருந்தது. இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். அந்த ஒன்பதில் பல வகைகள் ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல மாறுபவை. சுண்ணாம்புக்கல் வகைகளான வாக்ஸ்டோன் எங்கே முடிந்து பேக்ஸ்டோன் எங்கே தொடங்குகிறது என்று கோரைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு புவியியலாளர்கள் வாதாடுவார்கள். அங்கே 0.64 நியாயமான எண். அதே போன்ற தரவில் யாராவது 0.95 என்று காட்டினால், முதலில் அவர் தரவை எப்படிப் பிரித்தார் என்று கேளுங்கள்.

இன்னொரு பயனுள்ள அளவுகோல் லாக்கிங் யூனிட்டிலிருந்தே கிடைக்கிறது. முக்கிய லாக்கோடு கூட, ஒரு சிறு பகுதியை இரண்டாம் முறையும் அளப்பது எங்கள் வழக்கம். 'ரிப்பீட் செக்‌ஷன்' என்போம். அதே கருவி, அதே பாறை, ஆனாலும் இரண்டு கோடுகளும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. கதிர்களை எண்ணும் கருவிகளில் அந்தச் சிறு வேறுபாடு இயல்பு. பழைய கோப்புகளில் அதைத் தேடி எடுங்கள். ஒரு லாக் கோட்டைக் கணிக்கும் மாதிரி, கருவி தன்னோடு தானே ஒத்துப்போவதைவிட நன்றாக ஒத்துப்போகிறது என்றால் அதை நம்பாதீர்கள்.

கேள்வி: புவியியல் முதுகலை மாணவி. எங்கள் குழு மாதிரியில் காமா, ரெசிஸ்டிவிட்டி, டென்சிட்டி, நியூட்ரான், சோனிக் ஐந்தையும் கொடுக்கிறது. காலிப்பர் துளையின் அளவுதானே, பாறையைப் பற்றி எதுவும் சொல்லாதே என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, மேடம். நான் நினைப்பது சரியா?

சரிதான். விடாமல் வாதாடுங்கள்.

ஓர் இடத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். துளையிட்ட பிட்டின் (துளைமுனையின்) அளவு 8½ அங்குலம். ஓரிடத்தில் டென்சிட்டி 2.5-லிருந்து சட்டென்று 1.9-க்கு இறங்குகிறது. நியூட்ரான் எகிறுகிறது. சோனிக்கும் குதிக்கிறது. இந்த மூன்றையும் மட்டும் பார்த்தால் நிலக்கரி என்றுதான் தோன்றும். நிலக்கரியின் கையெழுத்து அப்படித்தான் இருக்கும். பல மாதிரிகள் அங்கே நிலக்கரி என்று எழுதிவிட்டுப் போகும். காலிப்பரைப் பாருங்கள்: 13 அங்குலம். ஷேல் சுவர் இடிந்து விழுந்து துளை குழிவாகியிருக்கிறது. டென்சிட்டி கருவி சுவரோடு ஒட்டி இருந்தால்தான் பாறையை அளக்கும்; இங்கே இடையில், துளையிடும்போது உள்ளே ஓடவிடும் சேறான டிரில்லிங் மட் (சுருக்கமாக மட்) புகுந்துவிட்டது. கருவி அந்தச் சேற்றின் அடர்த்தியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. காமா மட்டும் 100-க்கு மேலே நின்று, இது ஷேல்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையான நிலக்கரியில் காமா பெரும்பாலும் தாழ்ந்திருக்கும்.

ஆகவே மாதிரியை ஓட்டுவதற்கு முன்பே, காலிப்பரிலிருந்து பிட் அளவைக் கழித்து, வித்தியாசம் ஓர் அளவுக்கு மேல் போன இடங்களில் 'டென்சிட்டியை நம்பாதே' என்று கொடி நட்டு வையுங்கள். டென்சிட்டி திருத்தக் கோடு இருந்தால் அதையும் பாருங்கள். அங்கே விடையே சொல்லாமல் விடுவது, அல்லது காமாவையும் ரெசிஸ்டிவிட்டியையும் மட்டும் வைத்து வேறொரு மாதிரியிடம் கேட்பது, இரண்டும் நேர்மையான வழிகள்.

அப்படியானால் காலிப்பரை ஆறாவது கோடாக மாதிரிக்குக் கொடுத்துவிடலாமா? நான் கொடுப்பதில்லை. காரணம் இது: தண்ணீர் அடிப்படையிலான மட்டில் ஷேல் இடிந்து துளை பெருக்கும், நீர் ஊடுருவும் மணற்கல்லில் மட் படிவு ஒட்டித் துளை சற்றுச் சுருங்கும். மாதிரி இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டு 'பெருத்த துளை என்றால் ஷேல்' என்று கற்றுவிடும். பயிற்சிக் கிணறுகளில் மதிப்பெண் நன்றாக ஏறும். அடுத்த கிணற்றை எண்ணெய் அடிப்படை மட்டில் துளையிட்டிருந்தால், ஷேல் அவ்வளவாக இடிந்திருக்காது. துளை நேராக இருக்கும். மாதிரி ஷேலையெல்லாம் மணற்கல் என்று சொல்லும். காலிப்பர் தரத்தைக் காவல் காக்கட்டும், பாறைக்குப் பெயர் வைக்க வேண்டாம் என்பது என் முடிவு.

மட் செய்யும் மற்ற குறும்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மட்டின் எடையைக் கூட்ட பேரைட் என்ற கனமான கனிமத்தைக் கலந்தால் ஒளிமின் கோடு பாறையை விட்டுவிட்டு பேரைட்டைச் சொல்லத் தொடங்கும், குவார்ட்சுக்கு 1.8, கால்சைட்டுக்கு 5.1 என்று பிரித்துக் காட்டும் அருமையான கோடு அது, அந்தக் கிணற்றில் பயன்படாமல் போகும். பொட்டாசியம் குளோரைடு கலந்த மட்டில் காமா முழுவதுமே சற்று உயர்ந்து நிற்கும். அப்புறம், லாக் தரவைச் சேமிக்கும் எல்ஏஎஸ் கோப்பில் வழக்கமாக -999.25 என்று இருப்பது அளவு இல்லாத இடம். அதை எண்ணாக எடுத்து சராசரி போட்டுவிட்டால், எல்லாக் கோடுகளும் நாசம்.

கேள்வி: எண்ணெய் வயலில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஆர்ச்சி சமன்பாட்டை வைத்துக் காலமெல்லாம் கிணறுகளை மதிப்பிட்டோம். இயற்பியல் தெரிந்த இடத்தில் கணினியை ஊகிக்கச் சொல்வது எதற்கு?

ஐயா, முக்கால்வாசி உங்கள் பக்கம்தான் நான்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு கணக்கு. ஷெல் நிறுவனத்தில் இருந்த கஸ் ஆர்ச்சி 1942-இல் வெளியிட்ட சமன்பாடு, பாறையின் துளைகளில் எத்தனை பங்கு தண்ணீர் என்று சொல்கிறது. நுண்துளைமை 0.25, அந்த ஆழத்து உப்புநீரின் மின்தடை 0.05, லாக்கில் படிக்கும் மின்தடை 20 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுக்கெண்கள் இரண்டையும் வழக்கம்போல 2 என்று எடுத்தால்: 0.05-ஐ, 0.0625-ஆல் (0.25-இன் வர்க்கம்) பெருக்கிய 20-ஆல் வகுக்க 0.04, அதன் வர்க்கமூலம் 0.2. தண்ணீர் 20 சதவீதம், மீதி 80 எண்ணெய் அல்லது வாயு. மின்தடை 20-க்குப் பதில் 2 என்று இருந்தால் தண்ணீர் 63 சதவீதம் ஆகிவிடும். சுத்தமான மணற்கல்லில் இந்தக் கணக்கு இருக்கும்போது, அதையே தோராயமாகக் கற்றுச் சொல்லும் மாதிரி வீண் வேலை. இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

ஆனால் அந்த 2 என்ற மின்தடை உள்ள அடுக்கு உண்மையில் மெல்லிய மணலும் மெல்லிய களியும் மாறி மாறி அடுக்கியதாக இருந்தால்? களி மின்சாரத்தைக் கடத்தும். எண்ணெய் இருந்தும் மின்தடை தாழ்ந்தே நிற்கும். குறைந்த மின்தடை காட்டியதால் தாண்டிப்போன அடுக்குகளை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். ஆர்ச்சி தன் சமன்பாட்டைச் சுத்தமான மணலுக்குத்தான் எழுதினார். களி கலந்த இடத்துக்குப் பின்னால் பல திருத்தங்கள் வந்தன. ஒவ்வொன்றும் கோரிலிருந்து இன்னொரு எண்ணைக் கேட்கும்.

ஊடுருவுதிறனுக்கோ நேரான சமன்பாடே கிடையாது. வழக்கமான லாக் எதுவும் அதை அளப்பதில்லை. நுண்துளைமைக்கு எதிராக வரைந்து ஒரு கோடு போடுவோம். ஒரே நுண்துளைமையில் ஊடுருவுதிறன் நூறு மடங்கு மாறி நிற்கும். அங்கே பல கோடுகளைச் சேர்த்துப் பார்க்கும் மாதிரி நம்மைவிட நன்றாகச் செய்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

நான் செய்வது இரண்டையும் அடுக்கி வைப்பது. நுண்துளைமையை டென்சிட்டியிலிருந்து சமன்பாட்டால் எடுக்கிறேன். பாறை வகையை மாதிரியிடம் கேட்கிறேன். அந்தப் பாறை வகைக்கு உரிய அடுக்கெண்களை ஆர்ச்சியில் போடுகிறேன். கடைசியில் தண்ணீர் பங்கு 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கிறதா, அதே அழுத்தத் தொகுதியில் எண்ணெய்க்கு மேலே தண்ணீர் நிற்பதாக விடை வருகிறதா என்று பார்க்கிறேன். இயற்பியல் தெரிந்த உங்களைப் போன்றவர்கள் அந்தக் கடைசிப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தால், இளைஞர்களின் மாதிரிகள் பாதிப் பிழைகளிலிருந்து தப்பிக்கும்.

கேள்வி: பழைய கிணறுகளில் சோனிக் எடுக்கவில்லை. மற்ற கோடுகளை வைத்து மெஷின் லேர்னிங்கால் உருவாக்கிக்கொள்ளலாமா?

உருவாக்கலாம். இது புதுப் பழக்கமும் இல்லை; 1974-இலேயே கார்ட்னரும் கூட்டாளிகளும் ஒலி வேகத்தையும் அடர்த்தியையும் இணைத்து எழுதிய உறவை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறோம். மாதிரிக்கு அதைவிட அதிகக் கோடுகள் தெரியும், அதனால் பெரும்பாலும் கூடுதலாக ஒத்துப்போகும்.

எதற்காக என்பதைப் பொறுத்துத்தான் நம்பலாமா என்பது. கிணற்றை நில அதிர்வுப் படத்தோடு இணைக்க என்றால், தயங்காமல் செய்யுங்கள். வாயு இருக்கிறதா என்று தேட என்றால், வேண்டாம். பயிற்சிக் கிணறுகளில் வாயு அடுக்கே இல்லையென்றால், வாயு ஒலியை எப்படித் தாமதப்படுத்தும் என்பது மாதிரிக்குத் தெரிய வழியில்லை. நீர் நிறைந்த பாறையின் சோனிக்கையே வரைந்து கொடுக்கும். துளை நிலைத்திருக்குமா என்ற கணக்குக்கும் கவனம் தேவை. எப்படியானாலும், உருவாக்கிய கோட்டுக்கு வேறு பெயர் கொடுத்து, வேறு நிறத்தில் வரையுங்கள். சில ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அதை அளந்த சோனிக் என்று நினைத்து இன்னொரு மாதிரியைப் பயிற்றக் கூடாது.

கேள்வி: கோர் விவரிப்பது என் வேலை. சென்டிமீட்டர் கணக்கில் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அதை லேபிளாக வைத்து மாதிரி செய்தவர்கள், "உங்கள் விவரிப்பு லாக்கோடு பொருந்தவில்லை, மணல் என்ற இடத்தில் காமா ஷேலைக் காட்டுகிறது" என்கிறார்கள். நான் திரும்ப எழுத வேண்டுமா?

ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். முதலில் ஆழத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கோரின் ஆழம் டிரில் பைப்பை எண்ணிக் கிடைத்தது. லாக்கின் ஆழம் கேபிளின் நீளம். குழாயும் நீளும், கேபிளும் நீளும், ஆனால் ஒரே அளவாக அல்ல. இரண்டுக்கும் இடையில் ஒரு மீட்டர், சில நேரம் அதற்கும் மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். உங்கள் மணல் அடுக்கு 80 செ.மீ. கனம் என்றால், ஒரு மீட்டர் நகர்ந்ததும் அந்த லேபிள் முழுவதும் ஷேல் வரிகளின் மேல் போய் உட்கார்ந்துவிடும். பாவம், மாதிரி அதையும் பக்தியோடு கற்கும்.

பரிசோதனைக்கூடத்தில் கோரின் மேலேயே காமா அளந்திருப்பார்கள். அந்தக் கோட்டைக் கிணற்றின் காமாவோடு பக்கத்தில் வைத்து, ஏற்ற இறக்கம் பொருந்தும்வரை நகர்த்த வேண்டும். கோரை வெட்டி எடுத்த குழாயான கோர் பேரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நகர்த்தச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே எண்ணைக் கூட்டினால் போதாது. பாதி கோர் உடைந்து தொலைந்திருந்தால், எந்தப் பாதி என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அடுக்கின் எல்லையிலிருந்து இரண்டு மூன்று வரிகளைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவதும் நல்லது. அங்கே கருவி இரண்டு பாறையையும் சேர்த்தே பார்க்கிறது.

இதையெல்லாம் செய்த பிறகும் மணலில் காமா உயர்ந்து நின்றால், அந்த மணலில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரோ மைக்காவோ இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். கதிரியக்கம் மிகுந்த மணல்கள் உண்டு. கண்டுபிடித்தால், அந்தக் கிணற்றில் உங்கள் கோர்தான் எல்லோரையும்விட மதிப்புள்ள தரவு.

கேள்வி: டீப் லேர்னிங் பயன்படுத்தினால் நல்லதா, எக்ஸ்ஜிபூஸ்ட் போதுமா?

எக்ஸ்ஜிபூஸ்ட் போன்ற, முடிவு மரங்களால் ஆன மாதிரிகளிலிருந்து தொடங்குங்கள். 2020-இல் நார்வேயின் ஃபோர்ஸ் அமைப்பு நடத்திய போட்டியில், வட கடல் பகுதியின் 98 கிணறுகளைப் பயிற்சிக்குக் கொடுத்து, பன்னிரண்டு பாறை வகைகளைக் கேட்டார்கள். வென்றது எக்ஸ்ஜிபூஸ்ட் வகை மாதிரிதான். கிணறுகள் நூற்றுக்கணக்கில் இல்லாதவரை, டீப் லேர்னிங்கின் நரம்பு வலைக்குச் செலவிடும் வாரத்தைத் தரவைச் சுத்தம் செய்வதில் செலவிட்டால் லாபம் அதிகம். துளைச் சுவரின் படங்கள், ஒலி அலைவடிவங்கள் போன்றவற்றில் கதை வேறு; அங்கே டீப் லேர்னிங் உண்மையாகவே முந்தி நிற்கிறது.

கிணறுகளுக்கு இடையே காமாவைச் சமன்செய்வது பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு கிணற்றிலும் மிகத் தாழ்ந்த 5 சதவீதத்தைச் சுத்த மணல் என்றும், மிக உயர்ந்த 5 சதவீதத்தைச் ஷேல் என்றும் வைத்து இழுத்துச் சரிசெய்வது வழக்கம். மணலே இல்லாத கிணற்றில் இதைச் செய்தால், சற்று மணல் கலந்த ஷேல் சுத்த மணலாகிவிடும். அந்த ஆழங்களில் மணல் உண்டா என்று புவியியலாளரிடம் கேட்காமல் இழுக்காதீர்கள்.

கேள்வி: இதெல்லாம் வந்தால் லாக் படிப்பவர்களுக்கு வேலை இருக்குமா?

நூறு கிணறுகளில் ஷேலை ஷேல் என்று குறிக்கும் வேலை போய்விடும். போகட்டும், அது கண்ணைக் கெடுத்த வேலை. நான் மேலே சொன்ன பேரைட்டையும், இடிந்த துளையையும், நகர்ந்த ஆழத்தையும் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அதற்குத் துளையிடும் ரிக்கில் நின்ற அனுபவமோ, நின்றவரிடம் கேட்கும் பழக்கமோ வேண்டும். இளையவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு லாக்கிங் வேலையையாவது நேரில் போய்ப் பாருங்கள். நீங்கள் வரிகளாகப் பார்க்கும் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மாதிரி செய்து முடித்துவிட்டோம். மேலாளர் ஒரே ஒரு பதில் கேட்கிறார்: இந்த 6 மீட்டர் அடுக்கில் எண்ணெய் வரக் குழாயில் துளை போடலாமா (பெர்ஃபொரேட்), வேண்டாமா? மாதிரி 'மணற்கல்' என்கிறது. நான் என்ன சொல்வது?

'மணற்கல்' என்ற ஒற்றைச் சொல்லோடு போகாதீர்கள். மாதிரி அந்த வரிகளில் மணற்கல்லுக்கு எத்தனை நிகழ்தகவு கொடுத்தது, இரண்டாவது இடத்தில் எந்தப் பாறை இருந்தது என்று பாருங்கள். 0.9-உம் 0.4-உம் ஒரே பெயரைத்தான் தரும். அந்த 0.9-ஐயும் அப்படியே எடுக்காமல், ஒளித்து வைத்த கிணறுகளில் மாதிரி 0.9 என்று சொன்னபோதெல்லாம் எத்தனை முறை சரியாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். மரவகை மாதிரிகள் அளவுக்கு மீறி உறுதியாகப் பேசுவது உண்டு.

பிழைகள் எல்லாம் ஒரே எடை அல்ல என்பதையும் மேலாளரிடம் சொல்லுங்கள். ஃபோர்ஸ் போட்டியில் இதற்காகவே ஒரு தண்டனை அட்டவணை வைத்திருந்தார்கள். மணலை மணலும் ஷேலும் கலந்தது என்றால் சிறு தண்டனை, உப்புப்பாறை என்றால் பெரிய தண்டனை. லேபிள் கொடுத்த புவியியலாளர்களும் தங்கள் விளக்கத்தில் எவ்வளவு உறுதி என்று ஒன்று முதல் மூன்றுவரை குறித்திருந்தார்கள். உங்கள் அடுக்குக்கும் அப்படி ஒரு அட்டவணை போடலாம்: தண்ணீர் அடுக்கைத் திறந்துவிட்டால் என்ன நஷ்டம், எண்ணெய் அடுக்கை விட்டுவிட்டால் என்ன நஷ்டம் என்று.

பிறகு அந்த 6 மீட்டரை லாக்கில் கண்ணால் பாருங்கள். காலிப்பர் நேராக இருக்கிறதா? வாயு இருந்தால் டென்சிட்டியும் நியூட்ரானும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டுமே, போயிருக்கிறதா? டிரில்லிங் சமயத்தில், மேலே திரும்பி வரும் மட்டைச் சோதித்து எழுதும் மட் லாக்கில் அந்த ஆழத்தில் வாயு ஏறியதா? அங்கே உள்ள அளவுகள் பயிற்சிக் கிணறுகளில் எங்காவது வந்திருக்கின்றனவா, அல்லது மாதிரி முன்பின் பார்க்காத எண்களா? இந்த நான்கும் ஒத்துப்போனால் செய்யலாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்று இடறினாலும், துளை இன்னும் கேசிங் (இரும்புக் குழாய்) போடாமல் திறந்திருந்தால், ஃபார்மேஷன் டெஸ்டர் என்ற கருவியை இறக்கி அந்த அடுக்கில் இரண்டு மூன்று இடங்களில் அழுத்தம் எடுத்து, ஒரு திரவ மாதிரியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரிக் நேரம் போகிறது என்பார்கள். தண்ணீர் அடுக்கைத் திறந்தபின் அதை மூட எத்தனை நாள் ரிக் நிற்கும் என்ற கணக்கைக் கையோடு எடுத்துப் போங்கள்.